வட இந்தியச் சைவ உணவகத்தில் எந்த கிரேவியைச் சொன்னாலும் ஒரே சுவை வருவது ஏன்?

தேன்சிட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெற்றோரின் மணநாளை ஒட்டிக் குடும்பத்தினர் எட்டுப் பேரும் ஒரு வட இந்தியச் சைவ உணவகத்தில் இரவு உணவு உண்பதாக முடிவு செய்திருக்கிறோம். இடம் முடிவாகிவிட்டது, என்ன சொல்லி வாங்குவது என்பதில்தான் குழப்பம். இத்தகைய உணவகங்களின் பட்டியலில் பனீர் மட்டுமே பத்துப் பன்னிரண்டு பெயர்களில் இருக்கிறது. பெயர்கள் வேறாக இருப்பதால் சுவையும் வேறாக இருக்கும் என்று நான்கைந்தைச் சொன்னால், சற்றே முன்பின்னாக ஒரே நிறத்தில், இனிப்பும் கொழுப்பும் கலந்த ஒரே சுவையில் நான்கைந்து கிண்ணங்கள் வந்து சேர்கின்றன. இரண்டாவது ரொட்டி முடிவதற்குள் அனைவருக்கும் திகட்டிவிடுகிறது. இது சமையலறையின் சோம்பலா, அல்லது அந்த உணவின் இயல்பே இதுதானா?

இதனுடன் வேறு சில சிக்கல்களும் உண்டு. அம்மா வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை. தங்கைக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. அப்பாவுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் காரமில்லாத பண்டத்தை அவர் சமைத்த உணவாகவே ஏற்பதில்லை. பேசாமல் எல்லோருக்கும் தாலி, அதாவது பல கிண்ணங்கள் அடங்கிய முழுத்தட்டு உணவு, சொல்லிவிடலாம் என்கிறார் அண்ணன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அடுப்படியான்

இத்தகைய சமையலறைகளில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது சோம்பல் அன்று, கணக்கு. வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும் வரை வதக்கி, தக்காளியைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுண்டவைப்பதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். நீங்களோ கால் மணி நேரத்தில் உணவு மேசைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆகவே பெரும்பாலான உணவகங்கள் மூன்று அல்லது நான்கு அடிப்படை கிரேவிகளை முன்கூட்டியே பெரிய பாத்திரங்களில் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த பழுப்பு நிற மசாலா ஒன்று. தக்காளி, முந்திரி, வெண்ணெய், கிரீம், உலர்ந்த வெந்தயக்கீரை ஆகியவை சேர்ந்த மக்கனி கிரேவி ஒன்று. வேகவைத்த வெங்காயத்தையும் முந்திரியையும் முலாம்பழ விதைப் பருப்பையும் அரைத்துத் தயிரும் ஏலக்காயும் சேர்க்கும் வெள்ளை கிரேவி ஒன்று. இவற்றோடு பசலைக்கீரை விழுது. நீங்கள் சொன்னது வந்தவுடன் இவற்றில் ஒன்றையோ, இரண்டைக் கலந்தோ வாணலியில் ஊற்றி, பனீரையோ காய்களையோ சேர்த்து, மேலே ஒரு வாசனைப் பொருளைத் தூவி அனுப்புவார்கள். பனீர் பட்டர் மசாலா, பனீர் டிக்கா மசாலா, பனீர் லபாப்தார் ஆகிய மூன்றும் பல சமையலறைகளில் மக்கனி கிரேவியை அடிப்படையாகக் கொண்டவையே. ஷாஹி பனீரும் மலாய் கோஃப்தாவும் வெள்ளை கிரேவியில் வரலாம். அங்கும் சிறிது மக்கனியைக் கலந்துவிட்டால் நிறமும் சுவையும் மீண்டும் அதே திசைக்குத்தான் போகும். ஒரே மெட்டுக்கு நான்கு பாடல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நான்கையும் அடுத்தடுத்துக் கேட்கிறீர்கள்.

ஆகவே பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அந்தப் பண்டம் எந்த வழியில் சமைக்கப்படுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எட்டுப் பேர் அமரும் மேசையில் மக்கனி கிரேவி ஒன்று போதும். அதற்கு அடுத்ததாக, அடிப்படை கிரேவியில் கை வைக்காமலே செய்யப்படும் பண்டங்களைத் தேடுங்கள். கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு மசித்துச் செய்யும் பைங்கன் பர்த்தாவில் புகைமணம் இருக்கும். கடலை மாவையும் புளித்த தயிரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் கடியில் தக்காளியே இருக்காது. கொண்டைக்கடலையில் செய்யும் சோலேயின் புளிப்பு உலர்ந்த மாங்காய்ப் பொடியிலிருந்தோ மாதுளை விதைப் பொடியிலிருந்தோ வருவது. சீரகம் தாளித்த உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், வெண்டைக்காய் போன்றவை உலர்ந்த வறுவலாக வரும். இப்படி நான்கு வழிகளில் நான்கு பண்டங்கள் வந்தால் எந்தக் கிண்ணமும் இன்னொன்றின் நகலாகத் தோன்றாது.

தந்தையார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பரிமாறுபவரிடம் காரத்தைக் கூட்டச் சொன்னால், தயாராக இருக்கும் கிரேவியில் இறுதியாக ஒரு கரண்டி மிளகாய்ப் பொடியைப் போட்டுக் கிளறுவார்கள். பச்சை வாடைதான் மிஞ்சும். வட இந்தியச் சமையலில் பரவலாகப் பயன்படும் காஷ்மீர் மிளகாய் நிறம் மிகுந்தது, காரம் குறைந்தது. ஆகவே சிவந்திருப்பதெல்லாம் காரம் என்றும் நம்ப வேண்டாம். காரம் அந்தப் பண்டத்திலேயே இருக்க வேண்டும். முழு மல்லியையும் காய்ந்த மிளகாயையும் ஒன்றிரண்டாக இடித்துப் போடும் கடாய் வகையை அவருக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் பச்சை மிளகாய், ஊறுகாய், புதினாச் சட்னி மூன்றையும் வைத்துவிட்டால் அவர் தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்வார்.

வடதிசை

அடுப்படியான் சமையலறையின் பக்கத்திலிருந்து சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே சுவை வருவதற்கு அடிப்படை கிரேவி மட்டும் காரணம் அன்று. வட இந்திய உணவகம் என்ற பலகையின் கீழ் நாம் உண்பது பெரும்பாலும் பஞ்சாபி உணவும், மொகலாயச் சமையலின் சாயல் கொண்ட சில பண்டங்களுமே. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கு எல்லைப் பகுதியிலிருந்தும் தில்லிக்குப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் தொடங்கிய உணவகங்களில் தந்தூர் அடுப்பும் வெண்ணெய் சேர்ந்த தக்காளி கிரேவியும் பெரும்புகழ் பெற்றன. அந்தப் பாணியே நாடு முழுவதும் பரவி, வட இந்திய உணவு என்றாலே அதுதான் என்று நிலைபெற்றுவிட்டது. தில்லி தரியாகஞ்சில் குந்தன்லால் குஜ்ரால் முதலியோர் நடத்திய மோத்தி மஹாலின் பெயர் இந்த வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் முதலில் உருவாக்கியவர் யார் என்ற உரிமைப் பூசல் 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் சென்றது என்பதிலிருந்தே அந்தப் பாணியின் வணிக மதிப்பை அறிந்துகொள்ளலாம். ஒரு பருப்புக்காக வழக்கா என்று சிரிப்பவர்கள், இரவு முழுவதும் தணலில் வெந்த முழுக் கருப்பு உளுந்தை ஒருமுறை உண்டு பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

உண்மையில் வடக்கு என்பது மிகப் பரந்த நிலம். ராஜஸ்தானில் கடலை மாவை உருட்டி வேகவைத்துத் துண்டாக்கித் தயிர்க் குழம்பில் போடும் கட்டே இருக்கிறது. பாலைநிலத்தில் விளையும் காயையும் நெற்றையும் உலர்த்தி வைத்துச் சமைக்கும் கேர் சாங்ரி இருக்கிறது. ஐந்து பருப்புகள் சேர்ந்த பஞ்ச்மேல் தால் இருக்கிறது. பீகாரில் வறுத்த கடலையை அரைத்த சத்து என்னும் மாவை உள்ளே வைத்துச் சுடும் லிட்டி உருண்டையும், அதனுடன் உண்ணும், காய்களைச் சுட்டு மசித்த சோக்காவும் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் விருந்துகளில் கொண்டைக்கடலையைத் தயிரில் மெதுவாக வேகவைக்கும் மத்ரா பரிமாறப்படுகிறது. காஷ்மீரில் தாமரைத் தண்டைத் தயிர்க் குழம்பில் சமைக்கிறார்கள். பச்சைப் பட்டாணியை அரைத்துச் செய்யும் நிமோனா உத்தரப் பிரதேசத்தின் குளிர்காலத்துக்குரியது. இவற்றில் எதிலும் நீங்கள் குறிப்பிட்ட அந்த இனிப்புச் சுவை இருக்காது. எல்லா உணவகங்களிலும் இவை கிடைப்பதில்லை. ஆனால் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் ஒன்றிரண்டு ஒளிந்திருப்பதுண்டு. பட்டியலைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்குவது என் வழக்கம்.

பருவத்தையும் சற்றுப் பாருங்கள். கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் குளிர்காலத்துக்கு உரியவை. கோடையில் அவற்றைச் சொன்னால் டப்பாவிலிருந்தோ உறைபெட்டியிலிருந்தோதான் வரும். அப்படி உண்டுவிட்டு அந்தக் கீரையைப் பழிப்பது நியாயமன்று.

பனீரைப் பற்றி ஒரு சொல். பனீர் இல்லாமல் வட இந்தியச் சைவ விருந்து இல்லை என்ற எண்ணம் உணவகங்கள் உண்டாக்கியது. வீடுகளில் நாள்தோறும் உண்ணப்படுவது பருப்பும், ஒரு காயும், ரொட்டியும்தான்.

கீரைத்தண்டு

அம்மாவையும் தங்கையையும் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முன்கூட்டியே தயாரிக்கப்படும் கிரேவிகளில் வெங்காயமோ பூண்டோ, பெரும்பாலும் இரண்டுமோ, ஏற்கெனவே அரைபட்டுக் கலந்திருக்கும். அவற்றைப் பின்னர் நீக்க முடியாது. ஆகவே மேசையில் அமர்ந்த பிறகு வெங்காயம் வேண்டாம் என்று சொன்னால், மேலே தூவும் வெங்காயத்தை மட்டும் தவிர்த்து அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. காலையிலேயே தொலைபேசியில் தெரிவித்துவிடுவது நல்லது. வட இந்தியச் சைவ உணவகங்களில் ஜெயின் முறையில் வேண்டும் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் சமண மரபில் வெங்காயம், பூண்டு மட்டுமன்றி உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி போன்ற மண்ணுக்கடியில் விளையும் பிறவும் விலக்கப்படும்; உருளைக்கிழங்குக்கு மாற்றாக வாழைக்காய் வரலாம். உங்கள் தாயாருக்கு உருளைக்கிழங்கு ஆகும் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காரணமின்றி நல்ல சில பண்டங்களை இழந்துவிடுவார். பருப்பைத் தனியாக வேகவைத்துத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ஆகவே பெருங்காயமும் சீரகமும் மட்டும் தாளித்த பருப்பு கேட்பது அவர்களுக்கும் எளிது. சீரக உருளைக்கிழங்கும் அப்படியே. கடியில் மிதக்கும் பக்கோடாவில் வெங்காயம் இருக்கக்கூடும் என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காஷ்மீரப் பண்டிதர்களின் மரபில் ‘தம் ஆலூ’ என்னும் உருளைக்கிழங்குப் பண்டம் வெங்காயம், பூண்டு இரண்டும் இல்லாமல் சோம்புப் பொடியும் சுக்குப் பொடியும் சேர்த்துச் செய்யப்படுவது. ஆனால் அதே பெயரில் உணவகங்களில் வருவது பல நேரங்களில் முந்திரி கிரேவியில் மிதக்கும் இனிப்பு உருளைக்கிழங்கு. பெயரை நம்பி அம்மாவின் தட்டில் வைத்துவிட வேண்டாம்.

தங்கையின் நிலையைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்று உபாதை வருவது ஒன்று. பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை இருப்பது முற்றிலும் வேறு. முன்னதில் சிறிதளவு நெய் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. பின்னதாக இருந்தால், ஒரே கரண்டியும் ஒரே வாணலியும் எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரு சமையலறையில், வெண்ணெய் சேர்க்காதீர்கள் என்று சொல்வது மட்டும் பாதுகாப்பாகாது. உணவகத்தாரிடம் ஒவ்வாமை என்றே வெளிப்படையாகச் சொல்லி, அவர்களால் இயலுமா என்று கேட்டுவிட வேண்டும். பால் செரிக்காமை மட்டும்தான் என்றால் சோலே, ராஜ்மா, எண்ணெயில் தாளித்த பருப்பு, பைங்கன் பர்த்தா, ஆலூ கோபி, வெண்ணெய் தடவாத தந்தூரி ரொட்டி என அவருக்கு ஒரு முழு விருந்தே இருக்கிறது. நாண் மாவில் தயிரோ பாலோ சேர்ப்பது வழக்கம் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவினர்களில் யாருக்கேனும் கோதுமை ஆகாது என்றால், கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரொட்டியைத் தவிர்த்துவிட்டுப் பருப்பை உண்டால் போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

நிழற்குடை

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு மணநாள் விருந்துக்குத் தேவைதானா என்று தோன்றுகிறது. அண்ணன் சொன்னதில் தவறு இல்லை. தாலியில் ஒரு பருப்பு, ஓர் உலர்ந்த காய், ஒரு கிரேவி, ஒரு தயிர் வகை, ரொட்டி, சோறு, இனிப்பு ஆகியவை அளவாக வந்துவிடுகின்றன. நீங்கள் தேடும் வேறுபாடு அந்தத் தட்டிலேயே இருக்கிறது. பட்டியலை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் விவாதம் செய்யும் அரை மணி நேரத்தில் அவர்கள் பாதி உண்டு முடித்திருப்பார்கள். வயதானவர்களுக்கும் எந்தக் கிண்ணம் யாருக்கு என்ற குழப்பம் இருக்காது.

அடுப்படியான்

நிழற்குடை அவர்களுக்கு: தாலி மட்டுமே பரிமாறும் இடங்களில் உங்கள் கருத்து முற்றிலும் சரி, அங்கே ரொட்டி கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும், பண்டங்களும் ஓயாமல் காலியாகிப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். பட்டியலும் தாலியும் இரண்டும் வைத்திருக்கும் உணவகங்களில், குறிப்பாக இரவில், தாலியின் கிண்ணங்களை நிரப்புவது பெரும்பாலும் நண்பகலில் சமைத்துச் சூடாக வைக்கப்பட்டவை. மேலும் ஒருவருக்கு வெங்காயமும் இன்னொருவருக்குப் பாலும் ஆகாத குடும்பத்தில் தாலியின் பாதிக் கிண்ணங்கள் தொடப்படாமலே திரும்பிச் செல்லும்.

தேன்சிட்டு

அனைவருக்கும் மிக்க நன்றி. தங்கைக்கு ஒவ்வாமை இல்லை, செரிக்காமை மட்டுமே. நீங்கள் சொன்னவற்றை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். முதலில் பனீர் டிக்கா ஒரு தட்டும் தந்தூரி காளானும். பிறகு தால் மக்கனி, பனீர் பட்டர் மசாலா, கடாய் காய்கறி, சோலே, பைங்கன் பர்த்தா. அம்மாவுக்குப் பெருங்காயம் தாளித்த பருப்பும் சீரக உருளைக்கிழங்கும், அவை அனைவருக்கும் பொதுவாகவே இருக்கட்டும். ரொட்டிகளை எட்டுப் பேருக்கும் சேர்த்து மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் இனிப்பு லஸ்ஸி. சோறு தேவைப்படுமா என்று தெரியவில்லை. திருத்தங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அடுப்படியான்

நல்ல வரைவு. சில திருத்தங்கள் மட்டும் செய்கிறேன்.

தால் மக்கனியும் பனீர் பட்டர் மசாலாவும் அடுத்தடுத்து இருந்தால் வெண்ணெயும் கிரீமும் இரண்டு கிண்ணங்களில் வருகின்றன; நீங்கள் முதலில் எழுதிய திகட்டல் அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். நானாக இருந்தால் பருப்பை வைத்துக்கொள்வேன், ஏனெனில் பனீர் முதல் சுற்றிலேயே டிக்காவாக வந்துவிடுகிறது. அந்த டிக்காவையும் புகைப்படம் எடுத்து முடித்த பிறகு உண்ணலாம் என்று வைத்துவிடாதீர்கள். ஆறிய பனீர் ரப்பரைப் போல இழுபடும். டிக்காவிலும் தந்தூரி காளானிலும் ஊறவைக்கும் தயிர் இருக்கும் என்பதால் தங்கைக்கும், அந்தத் தயிர்க் கலவையில் இஞ்சியுடன் பூண்டும் இருக்கும் என்பதால் அம்மாவுக்கும் முதல் சுற்றில் வேறொன்று வேண்டும். வறுத்த அப்பளத்தை இருவருக்கும் பொதுவாகச் சொல்லலாம். மேலே வெங்காயமும் தக்காளியும் தூவிய மசாலா அப்பளமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொட்டிகளை மொத்தமாகச் சொல்லவே சொல்லாதீர்கள். தந்தூரின் உட்சுவர் 400 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். அதில் ஒட்டிய ரொட்டி ஓரிரண்டு நிமிடங்களில் வெந்துவிடும், வெளியே வந்த சில நிமிடங்களில் ஆறியும்விடும். கோதுமை மாவில் செய்யும் தந்தூரி ரொட்டி ஆறினால் தோலைப் போலாகிவிடும். வயதானவர்களின் பற்களுக்கு அது கொடுமை. மைதாவில் செய்யும் நாண் சற்று நேரம் தாங்கும். முதல் சுற்றுக்கு ஆளுக்கு ஒன்றாக, பாதி நாண், பாதி தந்தூரி ரொட்டி என்று சொல்லுங்கள். கிண்ணங்கள் மேசைக்கு வந்த பிறகே ரொட்டி வர வேண்டும் என்பதைப் பரிமாறுபவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். அது தீரும் தறுவாயில் அடுத்த சுற்று. அப்பாவுக்குக் கடலை மாவும் ஓமமும் சேர்ந்த மிஸ்ஸி ரொட்டி பிடிக்கக்கூடும். அதில் வெங்காயம் சேர்ப்பதுண்டு என்பதால் அம்மாவுக்கு வேண்டாம்.

சோறு நிச்சயம் தேவைப்படும். சோலேயையும் பருப்பையும் சோற்றுடன் உண்பது வடக்கில் வீட்டு வழக்கமே. ரொட்டிக்கு மாற்றாக மட்டும் அதை நினைக்க வேண்டாம். நெய் சேர்க்காத வெறும் சோறு ஒன்றும் சீரகச் சோறு ஒன்றும் போதும். புலாவோ பிரியாணியோ சொன்னால் அவற்றின் மசாலா இத்தனை கிண்ணங்களோடு மோதும்.

இனிப்பு லஸ்ஸியை உணவுக்கு முன்னால் குடித்தால் பாதிப் பசி அதிலேயே போய்விடும். வறுத்த சீரகப் பொடியும் உப்பும் சேர்த்த மோரைச் சொல்லுங்கள். தங்கைக்கு எலுமிச்சைச் சாறு. இனிப்பைப் பற்றி உணவு முடிந்த பிறகு, வயிற்றில் இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்தால் போதும். குலாப் ஜாமூன், பிர்னி, குல்ஃபி எல்லாமே பாலில் செய்தவை என்பதால் தங்கைக்குப் பழம் ஏதேனும் கிடைக்குமா என்று தொலைபேசியில் பேசும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

வடதிசை

பனீர் பட்டர் மசாலாவை நீக்கிய இடத்தில், அந்த உணவகத்தில் கட்டே கிடைக்குமானால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் தக்காளி மேலோங்காத ஒரு கிண்ணம் இருப்பது நல்லது. அப்பா விரும்பும் காரமும் ராஜஸ்தானியர்களின் கையில் சற்றுத் தாராளமாகவே இருக்கும். தயிர் சேர்வதால் தங்கைக்கு மட்டும் அது ஆகாது.